உங்க மைனஸ் 5.02 எங்க வயல்ல இருந்து போனது

நவம்பர் 28, வெள்ளிக்கிழமை சாயங்காலம். எங்க வயலுக்குத் தண்ணி முறை. மம்பட்டியோட மடையில நிக்கும்போது சென்னையில இருந்து அக்கா மகன் போன் பண்ணினான். கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை. பாசக்காரப் பையன். மாசத்துக்கு ரெண்டு தடவையாவது கூப்பிட்டுப் பேசிருவான்.

"மாமா, நியூஸ் பாத்தீங்களா? இந்தியா 8.2 சதவீதம் வளந்திருக்கு."

"பாக்கல மருமவனே. மடையில நிக்கேன்."

"விலைவாசி ஏத்தம் அக்டோபர்ல வெறும் கால் சதவீதந்தான் மாமா. வளர்ச்சியும் இருக்கு, விலையும் ஏறல. இப்படி ஒரு நேரம் அமையறதே அபூர்வம். அந்த ரோட்டோர வயலை யாரோ கேட்டாங்கன்னு அம்மா சொன்னாங்களே, இந்த நேரத்துல குடுத்துருங்க. நல்ல விலை கிடைக்கும். எத்தனை நாளைக்குத்தான் மம்பட்டி பிடிப்பீங்க?"

அவன் கேட்டதுல தப்பு இல்ல. எனக்கு அம்பத்தஞ்சு வயசு ஆகுது. முட்டி வலி. ரோட்டோர வயல் எண்பது செண்டு, பிளாட் போட வாகான இடம். புரோக்கர் ரெண்டு தடவை வந்து காப்பி குடிச்சுட்டுப் போயிட்டார். பாக்கலாம்னு சொல்லி போனை வச்சேன். ஆனா அந்தக் "கால் சதவீதம்" என்கிற வார்த்தை மட்டும் காதை விட்டுப் போகல. ஏன்னா அந்தக் கால் சதவீதத்துக்குள்ள என் வெண்டைக்காய் இருக்கு.

நான் பன்னிரெண்டாம் வகுப்பு வரைக்கும்தான் படிச்சவன். ஆனா பேப்பர்ல வர்ற கணக்கை விட்டு வைக்கிறதில்ல, பென்சில் வச்சுப் போட்டுப் பாப்பேன். அக்டோபர் மாசம் சில்லறை விலைவாசி ஏத்தம் 0.25 சதவீதம். 2012-ஐ அடிப்படையா வச்சு இந்தக் கணக்கைப் போட ஆரம்பிச்ச பிறகு இவ்வளவு குறைஞ்சதே இல்லையாம். அதையே பிரிச்சுப் பாத்தா சாப்பாட்டுப் பொருள் விலை மட்டும் மைனஸ் 5.02. காய்கறி மைனஸ் 27.57. பருப்பு வகை மைனஸ் 16.15. அந்தக் கணக்குல நூறு ரூபாய்க்கு ஏறக்குறைய 46 ரூபாய் சாப்பாடும் குடிக்கிற பானமும்தான். அப்போ நாட்டு விலைவாசியைக் கால் சதவீதத்துக்கு இழுத்துட்டு வந்தது எது? உங்க வீட்டு வாடகை இறங்கிச்சா? பிள்ளைங்க ஸ்கூல் பீஸ் இறங்கிச்சா? ஆஸ்பத்திரிச் செலவு? ஜிஎஸ்டி குறைச்சதும் ஒரு காரணம்னு அரசாங்கமே சொல்லுச்சு, ஒத்துக்கிடுதேன். ஆனா பாரத்தைத் தூக்கினது காயும் பருப்பும்தான். நவம்பர்லயும் இதே கதை. மொத்தம் 0.71, சாப்பாடு மைனஸ் 3.91.

ஒருத்தன் செலவு இன்னொருத்தன் வரவு. உங்க காய்கறிச் செலவு கால் பங்குக்கு மேல குறைஞ்சுதுன்னா அந்தக் கால் பங்கு யாரோ ஒருத்தன் வரவுல இருந்துதான் குறைஞ்சிருக்கணும். இதுக்குப் பெரிய படிப்பு வேண்டாம்.

"போன வருஷம் காய் விலை எக்கச்சக்கமா ஏறி இருந்தது, அது இறங்குது, அவ்வளவுதானே"ன்னு சொல்லுவீங்க. வாஸ்தவம். 2024 அக்டோபர்ல காய்கறி விலை அதுக்கு முந்தின வருஷத்தைக் காட்டிலும் 42 சதவீதம் கூடுதலாத்தான் இருந்தது. ஆனா அந்த ஏத்தத்துல எங்களுக்கு எவ்வளவு வந்துச்சு, இந்த இறக்கத்துல எங்ககிட்ட இருந்து எவ்வளவு போச்சு, ரெண்டும் ஒண்ணு இல்ல.

ரிசர்வ் வங்கி ஆய்வாளர்கள் 2024 அக்டோபர்ல ஒரு கணக்கு வெளியிட்டாங்க. சாப்பிடுறவர் குடுக்கிற ஒரு ரூபாயில தக்காளி போட்டவனுக்கு 33 காசு, வெங்காயத்துக்கு 36, உருளைக்கிழங்குக்கு 37. மீதி வழியில. வழியில நிக்கிறவங்க எல்லாரும் திருடங்கன்னு நான் சொல்ல வரல. லாரி வாடகை, ஏத்துகூலி, இறக்குகூலி, சாக்கு, கமிஷன், கடை வாடகை, அழுகல் எல்லாம் உண்மையான செலவு. ஆனா அதெல்லாம் நிலையா நிக்கிற செலவு. கடையில கிலோ 30 ரூபாய்க்கு வித்தா எனக்கு 10, வழிக்கு 20-ன்னு வச்சுக்கோங்க. கடை விலை 22-க்கு இறங்கிச்சுன்னா லாரிக்காரர் டீசலைக் குறைச்சா ஊத்துவார்? அந்த 20 அப்படியே நிக்கும். எனக்கு 2. உங்களுக்கு விலை கால் பங்கு குறைஞ்சா எனக்கு அஞ்சுல நாலு பங்கு போயிரும். நான் கைக்கணக்கா ஒரு உதாரணத்துக்குச் சொன்னது இது. ஆனா போன கத்தரி வெண்டை சீசன்ல கமிஷன் கடைச் சீட்டைப் பாத்தா கிட்டத்தட்ட இதேதான். ஒரு நாள் பறிகூலியைக் கழிச்சா பஸ் டிக்கெட்டுக்குக் கூட மிச்சமில்ல. மறுநாள் பறிக்காமலே விட்டோம். முத்தின வெண்டையை மாடு கூட ஒரு அளவுக்கு மேல திங்காது.

இனி அந்த 8.2-க்கு வாரேன். ஜூலை முதல் செப்டம்பர் வரைக்குமான கணக்கு அது. அதுக்குள்ள தொழிற்சாலை 9.1. பேங்க், ரியல் எஸ்டேட், கம்ப்யூட்டர் மாதிரி வேலைகள் 10.2. விவசாயம் 3.5. பரவாயில்லையே, விவசாயமும் வளந்திருக்கேன்னு தோணும். இந்தக் கணக்குல விலை ஏத்த இறக்கத்தைக் கழிச்சுட்டுத்தான் வளர்ச்சியைச் சொல்லுவாங்க. அதாவது போன வருஷத்தைவிட எத்தனை மூட்டை கூடுதலா வந்துதுன்னுதான் பாக்காங்க. அந்த மூட்டை என்ன விலைக்குப் போச்சுங்கிறது அந்த 3.5-ல இல்ல. பத்து மூட்டை விளைஞ்ச இடத்துல பதினொண்ணு விளைஞ்சு, விலை பாதியா விழுந்தாலும் புள்ளிவிவரத்துல நான் வளந்துட்டேன். வீட்ல வந்து என் பொண்டாட்டிகிட்ட இந்த வளர்ச்சியைச் சொன்னா சோறு போட மாட்டா.

நாட்டுப் பொருளாதாரம்னா ஏறும், இறங்கும். எந்தக் காலத்துலயும் உள்ளதுதான். நான் அதைக் குறை சொல்ல வரல. இறங்கும்போது யாரு எப்படி இறங்குதாங்க என்பதைத்தான் பாக்கச் சொல்லுதேன்.

ஒரு மோட்டார் கம்பெனிக்கு விற்பனை படுத்துதுன்னா என்ன செய்யும்? ஒரு ஷிப்டை நிப்பாட்டும். காண்டிராக்ட் ஆளுங்களை வீட்டுக்கு அனுப்பும். உற்பத்தியைக் குறைச்சு விலையைக் காப்பாத்திக்கும். நான் என்ன செய்ய முடியும்? நாத்து நட்டாச்சு, பயிர் தொண்டைக்கதிர்ல நிக்கி, அதுகிட்டப் போயி "மார்க்கெட் சரியில்ல, நீ வராதே"ன்னு சொல்ல முடியுமா? அது வரத்தான் செய்யும். அதனால தொழிற்சாலையில உற்பத்தி விழுது, எங்ககிட்ட விலை விழுது.

இதை நான் கண்டுபிடிக்கல. அமெரிக்காவுல கார்டினர் மீன்ஸ்னு ஒருத்தர் 1935-லேயே கணக்குப் போட்டுக் காட்டிட்டார். 1929-ல ஆரம்பிச்ச பெருமந்தத்துல நாலு வருஷத்துக்குள்ள விவசாயக் கருவி செய்யிற கம்பெனிகள் உற்பத்தியை 80 சதவீதம் குறைச்சாங்க, விலையைக் குறைச்சது 6 சதவீதம். விவசாயிகள் உற்பத்தியைக் குறைச்சது 6 சதவீதம், அவங்க விலை விழுந்தது 63 சதவீதம். கலப்பை விக்கிறவனுக்கும் கலப்பை பிடிக்கிறவனுக்கும் ஒரே மந்தம்தான். ஆனா விழுந்த இடம் வேற வேற.

அதே மந்தம் இங்கயும் வந்துச்சு. எங்க தாத்தா சொல்லித்தான் எனக்குத் தெரியும், அப்போ அவருக்கு இருபத்தஞ்சு வயசு இருக்கும். நெல் விலை பாதியா விழுந்துபோச்சாம். ஆனா சர்க்காருக்குக் கட்டுற தீர்வை ரூபாயில. நெல்லு பாதி விலைன்னா கிஸ்தி கட்ட ரெட்டிப்பு நெல்லு அளக்கணும். கோட்டைக் கணக்குல நெல்லு வீட்ல கிடக்கு, கையில துட்டு கிடையாது. அந்தச் சமயத்துல 1931 செப்டம்பர்ல இங்கிலாந்து தங்கத்தை விட்டு விலகுச்சு, தங்கம் விலை ஏறுச்சு. நாடு முழுக்கக் கிராமத்துப் பொம்பளைங்க காதுல கழுத்துல கிடந்தது எல்லாம் வட்டிக்கடை வழியா பம்பாய் போயி அங்க இருந்து கப்பல் ஏறிச்சு. எங்க பூட்டியோட பாம்படமும் அதுல போனதுதான். லண்டன்ல இருந்து பாத்தா அது இந்தியாவோட "தங்க ஏற்றுமதி". நல்ல வளர்ச்சின்னு கூட எழுதி இருப்பாங்க.

அதுக்கும் முன்னால ஒரு வேடிக்கை உண்டு. ஜெவான்ஸ்னு ஒரு இங்கிலாந்துப் பொருளாதார மேதை. பத்து வருஷத்துக்கு ஒரு தடவை அவங்க ஊர் வியாபாரம் ஏன் படுக்குதுன்னு யோசிச்சு, 1878 வாக்குல ஒரு காரணம் சொன்னார். சூரியன்ல கரும்புள்ளி கூடிக் குறையுதாம், அதனால இந்தியாவுல விளைச்சல் கெடுதாம், இந்தியாக்காரன் கையில காசு இல்லாததால இங்கிலாந்துத் துணி விக்கலையாம். சூரியப் புள்ளிக் கதை பின்னால நிக்கல. ஆனா அவர் அதை எழுதின சமயம் எதுன்னு பாருங்க. தாது வருஷப் பஞ்சம் சென்னை ராஜதானியைத் தின்னு முடிச்ச நேரம். இங்க சனங்க செத்து விழுந்ததுல அங்க தெரிஞ்சது துணி வியாபாரத்துல ஒரு பள்ளம். அந்தப் பஞ்சத்துலயும் தானியம் கப்பல் ஏறிச்சு. ஏற்றுமதியை நிப்பாட்டுங்கன்னு கெஞ்சினதுக்கு, சந்தையில சர்க்கார் கை வைக்கக் கூடாதுன்னு மறுத்தவர் லிட்டன் வைஸ்ராய்.

இப்போ அந்தக் கொள்கை எங்க போச்சு? சந்தையில கை வைக்காத அரசாங்கத்தை நான் பாத்ததே இல்ல. ஆனா எந்த நேரத்துல வைக்காங்கன்னு பாருங்க. 2019 செப்டம்பர் 29, வெங்காய ஏற்றுமதிக்குத் தடை. 2020 செப்டம்பர் 14, மறுபடியும் தடை. 2023 ஆகஸ்ட், 40 சதவீத ஏற்றுமதி வரி. அதே வருஷம் டிசம்பர் 8, மறுபடியும் தடை. 2022 மே மாசம் கோதுமைக்குத் தடை. 2023 ஜூலை 20, பச்சரிசி ஏற்றுமதிக்குத் தடை, அதை எடுக்க 2024 செப்டம்பர் ஆச்சு. விலை ஏறின அந்தந்த நேரத்துல சரியா வந்து நின்னாங்க. 2023 ஜூலையில தக்காளி நூறு ரூபாயைத் தாண்டினப்போ சென்னை ரேஷன் கடையிலேயே கிலோ 60 ரூபாய்க்கு வித்தாங்க. நல்ல காரியம், நான் குறை சொல்லல. ஆனா தக்காளி கிலோ 3 ரூபாய்க்கு வந்து ரோட்டோரம் கொட்டிக் கிடந்தப்போ எந்த ரேஷன் கடை வந்து எங்ககிட்ட 15 ரூபாய்க்கு வாங்கிச்சு? அப்போ மட்டும் "சந்தை நிலவரம்".

விலை ஏறுனா அது தேசப் பிரச்சினை. விலை இறங்குனா அது என் தலையெழுத்து.

எங்க பக்கம் சின்ன வெங்காயத்தை உள்ளின்னும் பெரிய வெங்காயத்தைப் பல்லாரின்னும் சொல்லுவோம். பல்லாரி விளையறது நாசிக் பக்கம். ஏறுனதும் பல்லாரி. ஆனா 2020-ல தடை வந்தப்போ உள்ளியும் சேந்து மாட்டிக்கிடுச்சு. டெல்லியில உக்காந்திருக்கவங்களுக்கு ரெண்டும் வெங்காயம். சாம்பார் வைக்கத் தெரிஞ்ச யாராவது அந்த ஆபீஸ்ல இருந்திருந்தா நடந்திருக்காது.

எங்க தப்பும் இதுல இருக்கு, மறைக்கல. ஒரு வருஷம் உள்ளிக்கு நல்ல விலை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் வீட்டு மாடியில ஒரு ரூம் எடுத்துக் கட்டினார். மறுவருஷம் நானும் கிழக்க ஒரு கிணத்துத் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்து உள்ளி ஊனினேன். என்னை மாதிரியே சுத்துப்பட்டுல எல்லாரும் ஊனிட்டாங்க. எடுக்கும்போது விலை தரையில கிடந்தது. அதுக்கு அடுத்த வருஷம் யாரும் போடல, விலை மேல போச்சு. ஜெர்மனியில பன்றி வளக்குறவங்களும் இதே மாதிரி ஏறி இறங்குறாங்கன்னு ஏறக்குறைய நூறு வருஷத்துக்கு முன்னாலேயே ஒருத்தர் எழுதி இருக்கார். கோடு போட்டுப் பாத்தா சிலந்தி வலை மாதிரி வருமாம், அதனால அதுக்கு அந்தப் பேரே வச்சுட்டாங்க. அந்த வலையில நாங்களே போயி விழுதோம், சரி. ஆனா மூணு வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற அந்த நல்ல விலைதான் மீதி ரெண்டு வருஷக் கடனை அடைக்கணும். தடை போட்டு வெட்டுறது சரியா அந்த மூணாவது வருஷத்தை.

தேங்காய் கதையும் சொல்லிருதேன். மேக்கரை போற வழியில எனக்கு அறுபது தென்னை. ரெண்டு மூணு வருஷமா விலை இல்ல. வெள்ளை ஈ வேற. வெட்டுகூலி, உரிகூலி குடுத்தா கையில நிக்கல. உரம் வைக்கிறதை நிப்பாட்டினேன். இந்த வருஷம் தேங்காய் விலை ஏறினதே, அப்போ என் மரத்துல காய் இல்ல. இருந்த பன்னெண்டு நல்ல மரத்தை மலையில இருந்து இறங்கின யானை சாய்ச்சுட்டுப் போயிருச்சு. (யானையைப் பத்தித் தனியா ஒரு நாள் எழுதணும். அது மேல எனக்குக் கோபம் கிடையாது.) விலை ஏறினதும் என்ன நடந்துச்சு? மே மாசக் கடைசியில வெளிநாட்டுச் சமையல் எண்ணெய்க்கு, சுத்திகரிக்காத பாமாயில், சோயா எண்ணெய்க்கு எல்லாம், சுங்க வரியை 20-ல இருந்து 10-ஆகக் குறைச்சாங்க. கொப்பரை விலை படுத்துக் கிடந்த வருஷங்கள்ல இந்த அவசரத்தை நான் பாக்கல.

"உங்களுக்குத்தான் உர மானியம், இலவச கரண்டு எல்லாம் தர்றாங்களே"ன்னு கேப்பீங்க. கேளுங்க. ஓஈசிடின்னு பணக்கார நாடுகளோட அமைப்பு, அதோட டெல்லியில இருக்கிற இக்ரியர் ஆய்வு நிறுவனம், ரெண்டும் சேந்து 2018-ல ஒரு அறிக்கை போட்டாங்க. மானியத்தை எல்லாம் ஒரு தட்டுல வச்சு, ஏற்றுமதித் தடை மாதிரியான வேலைகளால விலையில நாங்க இழந்ததை மறு தட்டுல வச்சு நிறுத்துப் பாத்தாங்க. 2000 முதல் 2016 வரைக்கும் சராசரியா வருஷத்துக்கு மைனஸ் 14 சதவீதம். அதாவது வலது கையில குடுத்ததைவிட இடது கையில எடுத்தது கூடுதல். அமெரிக்காவுலயும் ஐரோப்பாவுலயும் இது பிளஸ்ல இருக்கும். உர மூட்டையில படம் போட்டுக் குடுக்காங்க. எடுத்துக்கிட்டுப் போறதுக்கு ரசீது கிடையாது.

ஏழைங்க சாப்பிட வேண்டாமான்னு ஒரு கேள்வி இருக்கு. அதுதான் உண்மையான கேள்வி. எங்க ஊர்ல கூலி வேலைக்குப் போறவங்க எல்லாரும் அரிசி, பருப்பு, காய் காசு குடுத்துத்தான் வாங்குதாங்க. நானே துவரம்பருப்பும் எண்ணெயும் கடையில வாங்குறவன்தான். விலை குறைஞ்சா என் வீட்லயும் சந்தோஷம். ஆனா ஏழைக்குச் சோறு போடுறது நாட்டோட கடமைன்னா நாட்டோட கஜானாவுல இருந்து போடணும். தமிழ்நாட்டுல ரேஷன் அரிசி இலவசமாத்தான் போடுதாங்க. யாரு வேண்டாம்னா? எண்பது செண்டு வச்சிருக்கவன் வரவைப் பிடுங்கி, கூலிக்காரனோட சேத்து மாசம் லட்சக்கணக்குல சம்பளம் வாங்குறவங்களுக்கும் ஒரே விலையில மலிவா காய் குடுக்கிறதுக்குப் பேரு ஏழை மேல கரிசனம் இல்ல.

இன்னொரு கணக்கு. இதை என் மருமகனுக்காகவே எழுதுதேன்.

2020 ஏப்ரல் முதல் ஜூன். ஊரடங்கு. நாட்டுப் பொருளாதாரம் 23.9 சதவீதம் விழுந்துதுன்னு அந்த ஆகஸ்ட் கடைசியில சொன்னாங்க. கட்டடம், தொழிற்சாலை, ஓட்டல், பஸ்ஸு எல்லாம் குப்புற விழுந்தப்போ விவசாயம் மட்டும் 3.4 சதவீதம் கூடுச்சு. டிவியில பாராட்டுனாங்க. அந்த மே மாசம் அவன் இ-பாஸ் வாங்கிக் கார் பிடிச்சு வடகரைக்கு வந்து சேந்தான். தென்காசி தனி மாவட்டமாகியே அப்போ அஞ்சாறு மாசந்தான். கம்பெனியில சம்பளத்தைக் குறைச்சுட்டாங்க, ரூம் வாடகை குடுக்க முடியல. அடுத்த வாரம் திருப்பூர்ல இருந்து என் தம்பி மகன், பொண்டாட்டி பிள்ளையோட பைக்லயே வந்தான். சம்சாரத்தோட அண்ணன் துபாய்ல வேலை போயி ஜூலையில வந்து இறங்கினார். 2009-லயும் துபாய் ஆடினப்போ இப்படித்தான் வந்தார். ஒரே வீட்ல பதினோரு பேர். பிசான நெல்லு பத்தாயத்துல கிடந்ததால யாரும் பட்டினி கிடக்கல. தம்பி மகன் என்கூட வரப்பு வெட்ட வந்தான். மருமகன் சிக்னல் கிடைக்கலன்னு லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டுத் திருமலைக்கோயில் மலைப்பக்கம் போவான்.

எங்க வீட்ல நடந்தது நாடு பூரா நடந்துச்சு. அரசாங்கத்தோட வேலைவாய்ப்புக் கணக்குல 2018-19-ல நூத்துக்கு 42.5 பேர் விவசாயத்துல இருந்தாங்க. 2019-20-ல 45.6. 2020-21-ல 46.5. நாடு முன்னேறினா இந்த எண் குறையணும்னுதான் எல்லா மேதைகளும் சொல்லி வச்சிருக்காங்க. ஏறிச்சு. 2023-24-லயும் 46.1. பொருளாதாரம் எழுந்து ஓடுதுன்னு சொன்ன பிறகும் அந்த எண் பழைய இடத்துக்கு இறங்கல. தம்பி மகன் இப்பவும் இங்கதான் இருக்கான், பாதி நாள் என் வயல்ல, பாதி நாள் டைல்ஸ் ஒட்டுற வேலை.

ரோட்டோரத்துல அந்தக் காலத்துல சுமைதாங்கிக் கல்லு நட்டு வச்சிருப்பாங்க. நடந்து வர்றவன் தலைச்சுமையை அதுல இறக்கி வச்சு மூச்சு வாங்கிட்டுப் போவான். நகரம் சரியும்போது சுமையை இறக்கி வைக்கிற கல்லு நாங்க. வேலை போனா ஊருக்குப் போ, விலை ஏறுனா ஊர்க்காரனை அமுக்கு. ரெண்டு பக்கமும் எங்க மேலதான். கல்லுக்குச் சோறு வேண்டாம். எங்களுக்கு வேணும்.

டிசம்பர் 5-ஆம் தேதி ரிசர்வ் வங்கி வட்டியை 5.25-க்குக் குறைச்சுச்சு. கவர்னர் சஞ்சய் மல்ஹோத்ரா, முதல் ஆறு மாசத்துல விலைவாசி 2.2, வளர்ச்சி 8, இது ஒரு அபூர்வமான "கோல்டிலாக்ஸ்" காலம்னு சொன்னார். மருமகன் சொன்ன அதே "அபூர்வம்". அது என்ன கோல்டிலாக்ஸ்னு மகள்கிட்ட கேட்டேன். இங்கிலீஷ் பாப்பா கதையாம். காட்டுல மூணு கரடிங்க கஞ்சி காச்சி வச்சுட்டு வெளியே போயிருக்கும். ஒரு சின்னப் பிள்ளை பூட்டாத வீட்டுக்குள்ள புகுந்து ஒவ்வொரு கிண்ணமா ருசி பாக்கும். ஒண்ணு ரொம்பச் சூடு, ஒண்ணு ரொம்ப ஆறினது, ஒண்ணு மட்டும் பதமா இருக்கும். அதை முழுசாக் குடிச்சுட்டு அங்கேயே படுத்துத் தூங்கிரும். ரொம்பச் சரியான உவமைதான் சார். கஞ்சி பதமா இருக்கு. காச்சினது யாரு, வெறும் கிண்ணத்தைப் பாக்கப் போறது யாருன்னு மட்டும் நீங்க சொல்லாம விட்டுட்டீங்க.

இதுல சட்டமும் ஒண்ணு இருக்கு. விலைவாசியை 4 சதவீதத்துல வைக்கணும், மேல 6, கீழ 2, இதுக்குள்ள ஆடலாம். மூணு காலாண்டு தொடர்ந்து 6-க்கு மேல போனா ரிசர்வ் வங்கி தவறிட்டதா அர்த்தம், அரசாங்கத்துக்கு விளக்கம் எழுதணும். 2022-ல அப்படி எழுதவும் செஞ்சாங்க, வட்டியை 4-ல இருந்து 6.5 வரைக்கும் ஏத்துனாங்க. அதே சட்டத்துல மூணு காலாண்டு 2-க்குக் கீழ போனாலும் தவறினதுன்னுதான் எழுதி இருக்கு. கீழ போறதும் ஆபத்துன்னு எழுதினவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. ஆனா மேல போனா விளக்கக் கடிதம், கீழ போனா பாப்பா கதை.

என்ன கேக்கேன்னா, பெரிசா ஒண்ணும் இல்ல. ஏற்றுமதிக்குத் தடை போடணுமா, போடுங்க. போட்ட நாளுக்கும் எடுத்த நாளுக்கும் இடையில எங்களுக்கு விலையில எவ்வளவு போச்சுன்னு கணக்குப் பாத்து பட்ஜெட்ல ஒரு வரியா எழுதுங்க. அந்தத் தொகையை எங்க பேங்க் கணக்குல போடுங்க. ஏழைங்களுக்காகச் செய்த செலவுன்னு பெருமையாவே சொல்லிக்கோங்க. விலை ஏறும்போது ரேஷன் கடையில தக்காளி விக்கத் தெரிஞ்சவங்களுக்கு விழும்போது வாங்கவும் தெரியும். நெல்லுக்குச் செய்ய முடியுதுல்ல? 2025-26 சீசனுக்குச் சன்ன ரகம் குவிண்டால் 2,545-ன்னு தமிழ்நாட்டுல விலை வச்சாங்க, அந்த ஒரு விலைதான் எங்களை இன்னும் வயல்ல நிக்க வச்சிருக்கு. காய்க்கும் உள்ளிக்கும் ஒரு அடிவிலை வைக்க முடியாதா? கேரளாவுல 2020-லேயே பதினாறு வகைக் காய் கிழங்குக்கு அடிப்படை விலை அறிவிச்சாங்க. எல்லாம் சரியா நடக்குதுன்னு சொல்ல மாட்டேன். ஆனா நாங்க புளியரை செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கோம், அவங்க அந்தப் பக்கம். காய் மட்டும் தினமும் லாரியில தாண்டிப் போகுது.

ஞாயித்துக்கிழமை மருமகன் மறுபடி பேசினான். இதெல்லாம் அவன்கிட்டயும் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாம இருந்தான். பொறவு, "அதுக்காகத்தான் மாமா சொல்லுதேன், இவ்வளவு கஷ்டத்தோட ஏன் அதை வச்சுக்கிட்டு இருக்கீங்க?"ன்னு கேட்டான். எனக்குப் பதில் வரல. 2020-ல நீ எங்க வந்து இறங்கினேன்னு கேட்டிருக்கலாம். கேக்கல. அது சொல்லிக்காட்டுன மாதிரி ஆயிரும். அவங்க கம்பெனியிலயும் ஆள் குறைக்கப் போறதாப் பேச்சு இருக்குன்னு அக்கா சொன்னா, அதையும் அவன் என்கிட்டச் சொல்லல.

பிசான நடவு முடிஞ்சுட்டுது. ரோட்டோர எண்பது செண்டுலயும் நட்டாச்சு. நேத்து புரோக்கர் மூணாவது தடவை வந்தார். மாசி அறுப்பு முடியிற வரைக்கும் அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம் அண்ணாச்சின்னு சொல்லி அனுப்பிட்டேன். அறுப்பு முடிஞ்சு அவர் வந்து நிக்கும்போது என்ன சொல்லுவேன்னு எனக்கே தெரியல. நாளைக்கு மறுபடியும் தண்ணி முறை.